வெள்ளிக் கலங்களின் முத்திரைகள்

பொன்னும் வெள்ளியும் தொன்றுதொட்டு மக்கள் போற்றிவரும் உலோகங்களாகும். அவை அணியாகவும், உண்கலமாகவும், இடர் வந்தபொழுது உதவும் வைப்புப் பொருளாகவும் பயன்படுகின்றன. ஆயினும், அவற்றை வாங்குவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அரிசியின் தரத்தை ஒரு பிடி அள்ளிப் பார்த்த அளவிலேயே அறியலாம். துணியின் தரத்தை விரலால் தடவி அறியலாம். வெள்ளியின் தூய்மையையோ கண்ணாற் கண்டறிதல் அரிது.

புறத்தே ஒன்றுபோலத் தோன்றும் இரு பொருள்கள் அகத்தே வேறுபட்டிருத்தல் கூடும் என்பதனைச் சிலப்பதிகாரம் நமக்கு உணர்த்துகின்றது. கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் தோற்றத்தால் ஒத்திருந்தன. ஆயின், ஒன்றன் உள்ளே இருந்தது முத்து. மற்றதன் உள்ளே இருந்தது மாணிக்கம். பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை ஆராயாது நம்பியமையால், பாண்டிய மன்னன் தன் செங்கோலையும் உயிரையும் ஒருங்கே இழந்தான். பொருளைச் செய்பவனுடைய சொல்லே அப்பொருளுக்குப் போதிய சான்றாகுமா? அன்றி, நடுநிலையாளர் ஒருவர் ஆராய்ந்து சான்று கூறுதல் வேண்டுமா? இவ்வினாவிற்கு இங்கிலாந்து நாட்டார் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு விடை கண்டனர். அவ்விடையே வெள்ளிக் கலங்களின்மேல் இன்றும் காணப்படும் முத்திரைகளாகும். அவற்றின் வரலாற்றையும், அவற்றைப் படித்தறியும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அதனால் செய்த கரண்டி எளிதில் வளைந்துவிடும். கிண்ணம் எளிதில் நசுங்கும். ஆதலின், கம்மியர் வெள்ளியுடன் சிறிதளவு செம்பைக் கலந்து அதனை உறுதியாக்குவர். இக்கலப்பு தொழிலுக்கு இன்றியமையாதது, குற்றமன்று. ஆயினும், வஞ்சனை நுழையும் வாயிலும் இதுவேயாகும். வேண்டிய அளவினும் சற்று மிகுதியாகச் செம்பைச் சேர்த்தாலும் வெள்ளியின் நிறம் பெரிதும் மாறுவதில்லை. விற்பவன் மிச்சப்படுத்திய வெள்ளி அவனுக்கு ஊதியமாகும், வாங்கியவனுக்கு இழப்பாகும். இழந்தவன் தான் இழந்ததை அறியவும் மாட்டான்.

நம் நாட்டில் பொன்னின் மாற்றறியக் கட்டளைக்கல் பயன்பட்டது. பொன்னை அக்கல்லில் உரைத்து, உரைத்த கோட்டின் நிறத்தை ஒப்புநோக்கித் தரம் காண்பர். அது தேர்ந்த கண்ணுடையார்க்கே இயல்வதாகும். கடைக்கு வரும் எளிய உழவனும், கூலியாளும், கைம்பெண்ணும் என் செய்வர்? தாமே ஆராய இயலாத எளியோர்க்கும் பயன்படுமாறு அறிந்தோர் ஒருமுறை ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியின் முடிவை அப்பொருளின் மேலேயே அழியாதவாறு பொறித்துவிடுதல் சிறந்த முறையன்றோ?

இங்கிலாந்தில் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும், எஞ்சிய 75 பங்கு செம்பு முதலியனவும் அமைந்த கலவையை ‘ஸ்டெர்லிங்’ வெள்ளி என்று வழங்கினர். பழைய நிறுத்தலளவையில் ஒரு பவுண்டு நிறை 240 பென்னி எடையாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 222 எடை வெள்ளியாக இருத்தல் வேண்டும். நாட்டின் வெள்ளி நாணயத்திற்கும் இதுவே அளவாக இருந்தது. முதலாம் எட்வர்டு மன்னர் 1300ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார். வெள்ளிக் கலங்கள் நாணயத்தின் தரத்தினும் தாழ்ந்திருத்தல் கூடாது என்றும், பொற்கொல்லர் தொழிலின் கண்காணிப்பாளர் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை பொறித்த பின்னரே கலம் கம்மியனுடைய கையைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. 1327இல் இலண்டன் பொற்கொல்லர் கழகம் அரச பட்டயம் பெற்றது.

சிறுத்தைத் தலை தரத்தைக் காட்டிற்று; செய்தவன் இன்னான் என்பதைக் காட்டவில்லை. அக்குறையை 1363ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. கம்மியர் தலைவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அடையாளம் கொண்டு, அதனைத் தாம் செய்யும் கலத்தில் பொறித்தல் வேண்டும் என்று அது விதித்தது. எழுத்தறிந்தோர் சிலரேயாகிய அக்காலத்தில் பலர் உருவங்களையே அடையாளமாகக் கொண்டனர். நாளடைவில் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கும் வழக்கம் பரவிற்று.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கம்மியன் தவறு செய்தால் அவனுடைய அடையாளம் அவனைக் காட்டிக் கொடுக்கும். சோதித்தவரே தவறு செய்தால் அவரைக் காட்டிக் கொடுப்பது யாது? இவ்வினா 1478ஆம் ஆண்டில் எழுந்தது. அவ்வாண்டில் கழகத்தார் ஊதியம் பெறும் சோதனையாளர் ஒருவரை அமர்த்தினர். கலங்களைக் கழகத்தின் மன்றத்திற்கே கொணர்ந்து சோதிக்கும் முறையையும் ஏற்படுத்தினர். ஆண்டுதோறும் மாறும் ஓர் எழுத்தையும் கலத்தில் பொறித்தனர். பின்னாளில் ஒரு கலம் தரங்குறைந்தது என்று வழக்கு எழுந்தால், அவ்வெழுத்தைக் கொண்டு எந்த ஆண்டில், எந்தச் சோதனையாளர் காலத்தில் அது தேறியது என்பதனைக் கண்டறிவர். காவலரையும் காக்கும் காவலாக அவ்வெழுத்து அமைந்தது. இன்று பழம்பொருள் ஆய்வோர்க்குக் காலத்தைக் காட்டும் அருந்துணையாக விளங்குவதும் அவ்வெழுத்தேயாகும். ஆங்கிலத்தில் ‘ஹால்’ என்பது மன்றத்தைக் குறிக்கும். மன்றத்திற் பொறிக்கப்பட்டமையால் இம்முத்திரை ‘ஹால்மார்க்’ எனப் பெயர் பெற்றது.

1544ஆம் ஆண்டு முதல் நடந்து செல்லும் சிங்கத்தின் உருவமும் சேர்க்கப்பட்டது. எட்டாம் ஹென்றி மன்னர் நாணயத்தில் செம்பை மிகுத்து அதன் தரத்தைத் தாழ்த்திய காலம் அது. நாணயம் தரங்கெட்டபோதும், சிங்கம் பொறித்த கலம் ஸ்டெர்லிங் தரத்தினின்று வழுவவில்லை.

இனி, வெள்ளியைச் சோதிக்கும் முறையைக் காண்போம். கலத்தின் பல பகுதிகளிலிருந்தும் சிறிதளவு வெள்ளியைச் சுரண்டி எடுத்து நுட்பமாக நிறுப்பர். அதனைக் காரீயத் தகட்டிற் சுருட்டி, எலும்புச் சாம்பலாற் செய்த சிறு கிண்ணத்தில் இட்டு உலையில் வைப்பர். மிகுந்த வெப்பத்தில் காரீயம் உருகிக் காற்றுடன் கூடிச் சுண்ணமாகும். செம்பு முதலிய கலப்புகளையும் தன்னோடு ஈர்த்துக்கொண்டு அது கிண்ணத்தின் சாம்பலிற் சுவறிவிடும். இறுதியில் தூய வெள்ளி மட்டும் சிறு மணியாக எஞ்சி நிற்கும். அம்மணியை நிறுத்து, முதலில் இட்ட நிறையோடு ஒப்பிட்டால் கலத்தின் தரம் விளங்கும். தேறிய கலம் முத்திரை பெறும். தேறாத கலம் சிதைக்கப்படும். பின்னர் வேதியியல் முறைகளும் தோன்றின. இக்காலத்தில் கலத்தைச் சுரண்டாமலே எக்ஸ் கதிரின் உதவியால் அதன் தரத்தை அறிகின்றனர்.

பழைய ஆங்கில வெள்ளிக் கரண்டி ஒன்று நம் கையிற் கிடைத்ததாகக் கொள்வோம். அதன் காம்பின் பின்புறத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குவோம். ஐந்து சிறு முத்திரைகள் தோன்றுகின்றன. நடந்து செல்லும் சிங்கம் ஒன்று. முடியணிந்த சிறுத்தைத் தலை ஒன்று. ‘எம்’ என்னும் ஆங்கிலச் சிறிய எழுத்து ஒன்று. மன்னர் ஒருவரின் தலை ஒன்று. வளைந்த கையெழுத்து வடிவில் ‘எச், பி’ என்னும் இரண்டு எழுத்துகள் ஒரு முத்திரையாக அமைந்திருக்கின்றன. இவற்றை முறையாகப் படிப்போம்.

முதலிற் சிங்கத்தைத் தேடுதல் வேண்டும். அது இருப்பின் கலம் ஸ்டெர்லிங் வெள்ளி எனக் கொள்ளலாம். அடுத்து, ஊரின் அடையாளத்தைக் காணுதல் வேண்டும். சிறுத்தைத் தலை இலண்டனைக் குறிக்கும். 1821ஆம் ஆண்டு வரையில் அது முடியணிந்திருந்தது. அதன்பின் முடியின்றித் தோன்றும். மூன்றாவதாக, ஆண்டெழுத்தை ஆராய்தல் வேண்டும். இலண்டன் மன்றத்தார் ‘ஏ’ முதல் ‘யு’ வரையுள்ள எழுத்துகளில் ‘ஜே’யை விலக்கி இருபது எழுத்துகளைக் கொண்டனர், இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுத்தின் வடிவத்தையோ, அதனைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவத்தையோ மாற்றினர். எனவே, எழுத்து எது என்று அறிந்தால் மட்டும் போதாது. அதன் வடிவையும் கேடயத்தின் வடிவையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். நம் கையிலுள்ள கரண்டியின் ‘எம்’ 1776இல் தொடங்கிய வரிசையைச் சார்ந்தது. அது 1787ஆம் ஆண்டைக் குறிக்கும். அக்காலத்தில் எழுத்து மே மாத இறுதியில் மாற்றப்பட்டமையால், 1787 மே இறுதி முதல் 1788 மே இறுதி வரையுள்ள காலம் என்று கூறுதலே முற்றும் பொருந்தும்.

ஊரை அறியாது ஆண்டெழுத்தைப் படிக்கப் புகுதல் பெரும்பிழையாம். ஒவ்வோர் ஊர் மன்றமும் தனக்கென ஓர் எழுத்து வரிசையைக் கொண்டிருந்தது. ஓர் ஊரில் ஓராண்டைக் குறிக்கும் எழுத்து மற்றோர் ஊரில் வேறோர் ஆண்டைக் குறிக்கும். எடின்பரோவின் அடையாளம் கோட்டை. டப்ளினின் அடையாளம் முடியணிந்த யாழ். பர்மிங்காமின் அடையாளம் நங்கூரம். ஷெபீல்டின் அடையாளம் 1974 வரையில் மணிமுடியாக இருந்து, பின்னர் ரோசா மலராயிற்று.

பர்மிங்காமும் ஷெபீல்டும் மன்றம் பெற்ற வரலாறு சுவையானது. மாத்யூ போல்டன் என்பார் பர்மிங்காமில் பெருந்தொழிற்சாலை நடத்தி வந்தார். அவ்வூரில் சோதனை மன்றம் இன்மையால், தாம் செய்த கலங்களை ஏறத்தாழ 70 மைலுக்கு அப்பாலுள்ள செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நாளும் பொருளும் வீணாயின. கவனமின்றிப் பொதிந்து அனுப்பப்பட்டமையால் கலங்கள் பழுதுற்றன. போல்டன் ஷெபீல்டு நகரத்தாருடன் சேர்ந்து பாராளுமன்றத்தில் முறையிட்டார். இலண்டன் பொற்கொல்லர் அதனை எதிர்த்தனர். எனினும், 1773இல் இரு நகரங்களும் மன்றம் அமைக்கும் உரிமை பெற்றன. இம்முயற்சியின்போது அவர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் ‘முடியும் நங்கூரமும்’ என்பதாகும் என்றும், அப்பெயரினின்றே இரு நகரங்களும் தத்தம் அடையாளத்தைப் பெற்றன என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகின்றது. செஸ்டர் மன்றம் 1962இல் மூடப்பட்டது.

நான்காவதாகிய மன்னர் தலையின் பொருளை இனி அறிவோம். அது வெள்ளிக் கலத்திற்குரிய வரி செலுத்தப்பட்டது என்பதற்குச் சான்றாகும். 1784 முதல் 1890 வரையிலேதான் இம்முத்திரை வழங்கிற்று. ஆதலின், ஆண்டெழுத்து தேய்ந்து மறைந்த கலத்திலும், மன்னர் தலை தெளிவாக இருப்பின் அதன் காலத்தை அந்த நூற்றாறு ஆண்டுகளுக்குள் வரையறுக்கலாம்.

ஐந்தாவதாகிய ‘எச், பி’ என்பது ஹெஸ்டர் பேட்மன் என்னும் அம்மையாரின் அடையாளம். அவர்தம் கணவர் 1760இல் இறந்தார். தொழிற்கூடமும் மக்களும் அவர் பொறுப்பாயினர். அவர் எழுத்தறியாதவர். எனினும், மனந்தளராது 1761இல் இலண்டன் மன்றத்தில் தம் பெயரால் முத்திரையைப் பதிவு செய்துகொண்டு, 1790 வரையில் அத்தொழிலைத் திறம்பட நடத்தினார். எழுதத் தெரியாத ஒருவரின் பெயரெழுத்துகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அழியாது நின்று அவர் புகழைக் கூறுகின்றன. ஒரு சிறு கரண்டி இத்துணைச் செய்திகளையும் தன்னகத்தே கொண்டுள்ளது காண்க.

சிங்கமும் சிறுத்தையும் இல்லாத பழங்கலம் எல்லாம் போலி என்று கருதிவிடுதலும் ஆகாது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நாணயங்களின் விளிம்பைக் கத்தரித்தும், நாணயங்களையே உருக்கியும் அவ்வெள்ளியைக் கலங்கள் செய்யப் பயன்படுத்தும் வழக்கம் மிகுந்தது. அதனைத் தடுக்கும் பொருட்டு, 1697இல் கலங்களுக்குரிய வெள்ளியின் தரம் நாணயத்தின் தரத்தினும் உயர்த்தப்பட்டது. ஆயிரத்தில் 958 பங்குக்கும் சற்று மேலாக வெள்ளி இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அவ்வுயர்தரத்திற்குப் பிரிட்டானியா என்னும் நங்கையின் உருவமும், கழுத்தோடு கூடிய சிங்கத்தின் தலையும் அடையாளமாயின. கம்மியர் தம் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பொறித்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று. பால் டி லாமெரி என்னும் புகழ்மிக்க கம்மியர் 1713இல் பதிவு செய்த முத்திரை ‘எல், ஏ’ என்று அமைந்தது இதனாலேயாம். 1720இல் ஸ்டெர்லிங் தரம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டானியா தரம் விரும்புவோர்க்கு உரியதாக நின்றது.

அவ்வாண்டிலேயே வெள்ளிக் கலத்திற்கு ஓர் அவுன்சுக்கு ஆறு பென்னி வரி விதிக்கப்பட்டது. வரி வந்தது, உடன் வஞ்சனையும் வந்தது. சிறிய தட்டு ஒன்றை மன்றத்திற்கு அனுப்பி, அதற்குரிய சிறு வரியைச் செலுத்தி முத்திரை பெறுவர். பின்னர் முத்திரையுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பெரிய கூசா ஒன்றின் அடிப்பகுதியிற் பற்றவைத்துவிடுவர். மன்றம் காணாத பெருங்கலம் மன்றத்தின் சான்றைத் தாங்கி விலைபோகும். பெருங்கலைஞராகிய லாமெரியும் இக்குற்றத்தினின்று நீங்கினாரல்லர். கைத்திறனும் நேர்மையும் எப்பொழுதும் ஒருங்கே அமைவதில்லை என்பதற்கு இஃதொரு சான்றாகும். முத்திரைகளைப் போலியாகச் செய்வோர்க்கு 1757ஆம் ஆண்டுச் சட்டம் மரண தண்டனை விதித்தது. 1773இல் அது பதினான்கு ஆண்டு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. ஒரு விரல்நகத்தினும் சிறிய முத்திரைக்கு இத்துணைக் கடுந்தண்டனையா என்று வியப்புத் தோன்றலாம். அம்முத்திரை பொய்த்தால் நாட்டின் வாணிகம் முழுவதிலும் நம்பிக்கை அற்றுப்போகும் என்று அவர்கள் அஞ்சினர்.

இத்தகைய வஞ்சனைகளை அறியச் சில வழிகள் உண்டு. முத்திரையைச் சூழ்ந்த இடத்தில் வாயால் ஆவிபட ஊதினால், பற்றவைத்த விளிம்பு கோடாகத் தோன்றும். ஒவ்வொரு முத்திரையும் தனித்தனியே அடிக்கப்படுமாதலின், ஒரே தொகுதியைச் சேர்ந்த பல கரண்டிகளிலும் முத்திரைகளின் இடைவெளியும் சாய்வும் சிறிது வேறுபட்டிருத்தல் இயல்பு. அவை எல்லாவற்றிலும் மயிரிழையும் பிறழாது ஒத்திருப்பின், ஒரு கரண்டியை அச்சாகக் கொண்டு வார்த்த போலிகள் என ஐயுறலாம். வார்ப்பிற் பதிந்த முத்திரையின் விளிம்பு கூர்மையின்றி மழுங்கியிருக்கும். கலத்தின் வடிவம் ஒரு காலத்தையும், ஆண்டெழுத்து வேறொரு காலத்தையும் காட்டினாலும் ஐயுறுதல் வேண்டும். குடிகலம் ஒன்றிற்குப் பிற்காலத்தில் மூக்கு வைத்துக் கூசாவாக்கியிருப்பின், புதிதாகச் சேர்த்த உறுப்பில் முத்திரை இராது.

முத்திரை போலத் தோன்றும் எல்லாம் மன்ற முத்திரையும் அல்ல. 1743 அளவில் ஷெபீல்டைச் சேர்ந்த தாமஸ் போல்சோவர் என்பார், செப்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டை வெப்பத்தால் இணைக்கும் முறையைக் கண்டார். 1840இல் எல்கிங்டன் என்பார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றார். முலாம் பூசிய கலங்களில் ‘இ, பி, என், எஸ்’ என்னும் நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயங்களில் வரிசையாகப் பொறிப்பர். தொலைவில் நோக்குவார்க்கு அவை மன்ற முத்திரைபோலவே தோன்றும். அவ்வெழுத்துகளின் பொருளோ, ‘மின்முலாம் பூசிய நிக்கல் வெள்ளி’ என்பதாகும். நிக்கல் வெள்ளி என்பதிலும் பெயரளவிலேதான் வெள்ளி உண்டு; அது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த கலவையேயாம். எழுத்துகளைக் கண்ட அளவில் மகிழாது, அவற்றின் பொருளை அறிந்து கொள்ளுதல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னையிலும் வெள்ளிக் கலங்கள் மிகுதியாகச் செய்யப்பட்டன. மௌண்ட் ரோடில் இருந்த பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார், தெய்வத் திருவுருவங்கள் பொறித்த ‘சாமி வேலை’க் கலங்களைச் செய்வித்து விற்றனர். அவற்றில் அந்நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அக்காலத்தில் இந்தியாவில் அரசு சார்ந்த சோதனை மன்றம் இன்மையால், சிங்கமும் ஆண்டெழுத்தும் அவற்றிற் காணப்படா. செய்வித்தோர் பெயரே அங்குச் சான்று. சுதந்தர இந்தியாவில், இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொன்னணிகளுக்கு 2000ஆம் ஆண்டிலும், வெள்ளிப் பொருள்களுக்கு 2005ஆம் ஆண்டிலும் தரமுத்திரை முறையைத் தொடங்கிற்று. இங்கிலாந்திலும் முறைகள் மாறியுள்ளன. 1999 முதல் ஆண்டெழுத்தும் சிங்கமும் கட்டாயம் அல்ல. செய்வித்தோர் அடையாளம், தரத்தைக் காட்டும் எண், சோதித்த மன்றத்தின் அடையாளம் ஆகிய மூன்றுமே இன்றியமையாதன.

பழைய வெள்ளிக் கலம் உடையோர் ஒன்றனை மறவாதிருத்தல் வேண்டும். கலத்தைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தால் முத்திரையுள்ள இடத்தை அழுந்தத் தேய்த்தல் கூடாது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் முத்திரை சிறிது சிறிதாகக் கரைகின்றது. சாம்பலாலும் புளியாலும் பல்லாண்டு துலக்கிய கலத்தில், செய்தோன் பெயரும் செய்த ஆண்டும் முற்றும் மறைந்துபோதல் உண்டு. மறைந்ததை மீட்டல் அரிது.

மாணவர்களே! இம்முத்திரைகள் நமக்குக் கற்பிப்பது வெள்ளியின் தரம் ஒன்றனையே அன்று. கம்மியன் தன் பெயரைத் தானே பொறித்தான். ‘இதன் நன்மையும் தீமையும் என்னைச் சாரும்’ என்று அதனால் உலகறியக் கூறினான். அத்துடன் நில்லாது, தன் படைப்பைப் பிறர் சோதனைக்கும் ஒப்படைத்தான். சோதித்தவரும் தம் ஆண்டின் எழுத்தைப் பொறித்துத் தம் பொறுப்பை ஏற்றனர். செய்தவர், சோதித்தவர் ஆகிய இருவரும் பொறுப்பேற்ற இடத்திலேதான் வாங்குபவனுக்கு அச்சமின்மை பிறக்கின்றது. ஒருவன் சொல்லை மட்டும் நம்பி நீதி வழுவிய மன்னனின் கதையை நாம் அறிவோம். ஆராய்ந்து சான்று கூறும் அறமன்றம் ஒன்று அன்று மதுரையில் இருந்திருப்பின் கோவலன் உயிர் தப்பியிருப்பான். நாம் செய்யும் செயல் ஒவ்வொன்றும், நம் பெயரைப் பொறித்துப் பிறர் சோதனைக்கு அஞ்சாது அளிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.